மலைமேல் போன பாதி பேக்கப்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஜெபீனா ஆபீஸ் கதவைத் திறந்தபோது, மூலையில் இருந்த சர்வர் பெட்டிக்குள்ளிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ நகத்தால் தட்டுவதுபோல. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே குனிந்து காதை வைத்துக் கேட்டாள். ஏழு வருடமாக அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறவள். வெயில் காலத்தில் அதன் விசிறி எப்படி இரையும், மின்சாரம் போய் வந்தால் எப்படி முனகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இது அவள் இதுவரை கேட்காத சத்தம். பத்து மணிக்கு அதுவும் நின்றுபோனது.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன மருத்துவ அறக்கட்டளையின் ஆபீஸ் அது. மாடியில் மூன்று அறைகள், கீழே ஒரு வேன். ஆறு மாசத்துக்கு டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டு, பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஜெபீனாவைக் கூப்பிட்டார்கள். ஆறு மாசம் ஏழு வருடமாகிவிட்டது. டைப் அடிக்க வந்தவள்தான் டேட்டாபேஸ் செய்தாள், சர்வர் வாங்கிவைத்தாள், பிரின்டரில் பேப்பர் சிக்கினால் எடுத்தாள், வேனுக்கு இன்ஷூரன்ஸ் முடிகிற தேதியையும் அவளே நினைவில் வைத்திருந்தாள். இருபத்தொன்பது வயது. வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக டைப் அடிப்பாள்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது கல்வராயன் மலையில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவு. ரத்த அணு அரிவாள்போல வளைந்துவிடுகிற ஒரு பரம்பரைக் குறை உண்டு. யாருக்கு இருக்கிறது, யார் அதைச் சுமந்துகொண்டு தெரியாமலேயே நடமாடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக மூன்று வருடமாக வேன் மலையேறி இறங்குகிறது. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கைக்கடக்கமான ஒரு மெஷின். மெஷின் கக்குகிற சீட்டைப் பார்த்து ஜெபீனா கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். பஸ் டிக்கெட் மாதிரியான சீட்டு அது, இரண்டு வாரத்தில் எழுத்தெல்லாம் வெளுத்துப்போகும். எல்லா ஊரும் முடிந்தபிறகு போட்டோவோடு அட்டை அடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. அட்டை இன்னும் அடிக்கவில்லை.

"டிஸ்க் செத்துப்பூடுச்சி சார்," என்றாள்.

தங்கதுரை அப்போதுதான் தியாகதுருகத்திலிருந்து பைக்கில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறக்கட்டளையின் நிர்வாகி. நல்ல மனிதர்தான், எந்தச் சிக்கலையும் 'விடும்மா' என்ற ஒரு சொல்லால் தாண்டிவிடலாம் என்று நம்புகிறவர்.

"போனா போவுது, விடும்மா. புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்."

"டிஸ்க் கடையில கெடைக்கும் சார். உள்ள இருந்தது எந்தக் கடையில கெடைக்கும்?"

"அதான் பேக்கப் இருக்குதே. வாராவாரம் எடுக்கற இல்ல?"

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு பேக்கப் தானாக ஓடும்படி முதலில் அவள் அமைத்திருந்தாள். ஒருநாள் தங்கதுரை அதைப் பார்த்துவிட்டார். 'வெள்ளிக்கிழம பத்தர ராகு காலம்மா. பத்திரமா வெக்கிற வேலய போயி ராகு காலத்துலயா வெப்பாங்க?' என்று ஒரே பிடிவாதம். சண்டை எதற்கு என்று தானியங்கியை நிறுத்திவிட்டு, கையாலேயே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கையால் எடுப்பது என்றால் நினைவு வந்தபோது எடுப்பது. கடைசியாக எடுத்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. வேளையை மாற்றச் சொன்னது அவர், மறந்தது அவள். சொல்லிக்காட்டினால் மட்டும் நாள் குறையப்போகிறதா?

அலமாரியைத் திறந்தாள். கறுப்பு டிஸ்க் இருந்தது. பக்கத்தில் நீல டிஸ்க் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்டேப்ளர் இருந்தது.

இரண்டு டிஸ்கும் பழசு, முகாம் வீடியோக்களால் நிரம்பி வழிந்தவை. ஒன்றில் மட்டும் முழு பேக்கப்புக்கு இடம் போதவில்லை. புது டிஸ்க் கேட்டபோது அடுத்த வருஷம் என்று வந்தது பதில். அதனால் பேக்கப்பையே இரண்டாகப் பிரித்து, கறுப்பில் பாதி, நீலத்தில் பாதி என்று எழுதவைத்திருந்தாள். அப்போது தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே பூரித்துப்போனதும் ஞாபகம் வந்தது.

"நீல டிஸ்க் எங்க சார்?"

"அதுவா? இருசப்பன் கேட்டான், குடுத்தனுப்பிச்சேன். மலையில சாயங்காலம் படம் போட்டாத்தான் ஜனம் கூடுதாம். காலி டிஸ்குதான?"

"காலியா?"

"ஒரே ஒரு ஃபைலு இருந்துச்சி. தட்டுனா தொறக்கவே இல்ல. மத்ததெல்லாம் பழைய வீடியோ."

"சார், அந்த ஒரே ஒரு ஃபைலுதான் பேக்கப்போட பாதி."

தங்கதுரை கொஞ்சம் யோசித்தார். "சரி, மீதிப் பாதி உங்கிட்ட இருக்குதில்ல? இப்போதைக்கிப் பாதி ஜனத்தயாவது எடுத்து வெய்யி."

"அப்பிடி வராது சார். காயிதத்த நீட்டுவாக்குல கிழிச்ச மாதிரி. ஒவ்வொருத்தர் பேரும் பாதி இங்க, பாதி அங்க."

அவர் முதல்முறையாக 'விடும்மா' சொல்லாமல் உட்கார்ந்தார்.

வேன் டிரைவர் இருசப்பனுக்கு நாலு தடவை போன் போட்டார்கள். அவன் மலைமேல் கரியாலூரில் இருந்தான். கரியாலூரில் டவர் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அன்றைக்கு இல்லை.

ராத்திரி சாப்பாட்டில் அவள் கை தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அத்தா கேட்டார். ஹயாத் பாஷாவுக்கு பூட்டு, தாழ்ப்பாள், கீல் விற்கிற கடை. நாற்பது வருடமாக அதே கடை. மகள் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"ஒரு சாவிய ரெண்டா ஒடச்சி ரெண்டு எடத்துல வெச்சியா?"

"எடம் பத்தல அத்தா."

"எடம் பத்தலன்னா சின்னப் பூட்டா வாங்கணும். சாவிய ஒடைப்பாங்களா?" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்புடு, சாப்புடு. காலையில மொத பஸ்ஸுல போயிடு," என்று குழம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

படுத்தபோது அவளுக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம் பேர் நினைவுக்கு வரவில்லை. சாலம்மாள் ஒருத்திதான் வந்தாள்.

சாலம்மாள் மலைக்காரி. அறக்கட்டளைக்காக மலையில் ஊர் ஊராக நடக்கிறவள், விரலில் குத்துகிறவளும் அவள்தான். ரொம்ப வருடத்துக்கு முன்னால் யாரோ வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்களாம். எதற்கு என்றும் சொல்லவில்லை, முடிவு என்ன என்றும் வந்து சொல்லவில்லை. அதிலிருந்து ஊசியைப் பார்த்தாலே மலைச்சனம் காட்டுப்பக்கம் போய்விடும். முதல் வருடம் வேன் போய் நின்ற எட்டு ஊரில் பதினோரு பேர்தான் கை நீட்டினார்கள். அப்புறம் சாலம்மாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். சாமை அறுக்கிற இடத்தில் கூடவே நின்று அறுத்துக்கொண்டே பேசினாள். அவள் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்றுதான்: 'ஒரு தடவதான் குத்துவேன். ரெண்டாந்தடவ கேட்டா என்ன வூட்டுக்குள்ள சேக்காதீங்க.' அந்த வாக்கை நம்பித்தான் அத்தனை பேரும் கை நீட்டினார்கள்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆபீஸ் லேப்டாப்பையும் கறுப்பு டிஸ்கையும் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டே போனாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை பக்கம் வந்து, வண்டி மலையேற ஆரம்பித்ததும் காதடைத்தது. நீல டிஸ்கை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து ஆபீசில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. ஆனால் உள்ளே ஃபைல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இன்னும் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் திரும்பி உட்கார்ந்து வர அவளால் முடியாது. அதனால் முதல்நாளே லேப்டாப்பில் டேட்டாபேஸ் மென்பொருளை ஏற்றி எடுத்துவந்திருந்தாள்.

கரியாலூரில் அறக்கட்டளைக்கு ஓர் ஓட்டு வீட்டின் முன்னறை வாடகைக்கு இருந்தது. வாசலில் இருசப்பன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க? குளிர் தாங்குமா உங்களுக்கு?"

"இருசப்பா, அந்த நீல டிஸ்க் எங்க?"

"பத்திரமா இருக்குது. அரிசி டப்பாவுல வெச்சிருக்கறேன், ஈரம் ஆவாது."

"அதுல ஒரு பெரிய ஃபைல் இருந்துச்சி, பாத்தியா?"

"பாக்காம? எடத்த அடச்சிக்கினு கெடந்துச்சி. படம் ஏத்த எடம் பத்தல. அதத் தூக்கிடலாம்னு அமுக்கினேன்..."

ஜெபீனா வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"...ஆர் யூ ஷூர்னு கேட்டுச்சி மேடம். நமக்கு இன்னா தெரியும் அது யாருதுன்னு? நோ குடுத்துட்டேன்."

"இருக்குதா?"

"இருக்குது. பதிலுக்குப் போன வருஷத்து கேம்ப் வீடியோவத் தூக்கிட்டேன். அதுல நான் ஆடுனது இருந்துச்சி. அதுக்கு எஸ் குடுக்க எனக்கு யாரையும் கேக்கவேணாம் பாருங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அரிசி ஒட்டிய டிஸ்கைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

முன்னறையில் ஒரே ஒரு மேசை. லேப்டாப்பின் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் நீலம். இரண்டு பாதிகளையும் சேர்த்துக் காட்டி, திரும்ப எழுது என்று கட்டளை கொடுத்தாள். ஒரு நொடியில் சிவப்பு எழுத்து வந்து நின்றது: அந்த இடம் இல்லை.

ஏழு வருடத்தில் எத்தனையோ தடவை பேக்கப் எடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூடத் திரும்ப எழுதிப் பார்த்ததில்லை. அது அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. பேக்கப் தன் பழைய விலாசத்தை நினைவில் வைத்திருக்கிறது. செத்துப்போன சர்வரில் விவரங்கள் ஒரு டிரைவில் இருந்தன, அவ்வப்போது நடந்த மாற்றங்களின் பதிவு இன்னொன்றில், போட்டோக்கள் மூன்றாவதில். திரும்ப வரும்போதும் அதே மூன்று இடத்துக்குத்தான் போவேன் என்று நிற்கிறது. லேப்டாப்பில் இருப்பது ஒரே இடம்.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் மட்டும் கேட்டாள். மூன்று பெயர், மூன்று பழைய விலாசம், பக்கத்தில் அளவு. விவரம் நாலு ஜிபி, பதிவு மூன்று ஜிபி, போட்டோ இருபத்திரண்டு. லேப்டாப்பில் மிச்சம் ஒன்பது. விவரத்தையும் பதிவையும் லேப்டாப்பில் எழுதலாம். கறுப்பு டிஸ்கும் நிரம்பியிருந்ததால், போட்டோவுக்கு நீல டிஸ்கைத் தவிர வேறு இடம் இல்லை. அதில் இப்போது இருசப்பனின் சினிமாக்கள்.

"இருசப்பா, படத்தையெல்லாம் தூக்கணும்."

"ஐயோ மேடம்! படம் இல்லன்னா சாயங்காலம் ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். சண்டைப் படம் நாலாவது வுடுங்க."

"ஒண்ணுகூட வுட முடியாது."

"அந்தச் சாமி படமாவது?"

"இருசப்பா!"

"சரி, சரி, தூக்குங்க. நான் வெளிய போயிடறேன், என்னால பாக்க முடியாது," என்று போய்விட்டான்.

இடம் பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் புது விலாசத்தை எழுத்து எழுத்தாக அடித்தாள். இந்தப் பெயர் இங்கே போ, அந்தப் பெயர் அங்கே போ. வேகமாக டைப் அடிக்கிற விரல்கள் அன்றைக்கு ஒவ்வொரு விசையிலும் நின்று நின்று போயின. கடைசியில் ஓடவிட்டாள். பத்து சதவீதம். இருபது. வெளியே மழைத் தூறல் ஓட்டில் விழுகிற சத்தம். நாற்பது, ஐம்பது, அறுபது.

அறுபதில் நின்றது. நீல டிஸ்கின் விளக்கு அணைந்து கிடந்தது. ஒயர் தளர்ந்து, லேசாக ஆடினாலே தொடர்பு விட்டுப்போகிறது. மறுபடி முதலிலிருந்து.

இந்தத் தடவை ஓடவிட்டுவிட்டு, ஒயர் டிஸ்கில் நுழைகிற இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது. இருபதாவது நிமிடம் கை மரத்துப்போனது. அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் சாலம்மாள் குடையை மடக்கினாள்.

"இன்னா பாப்பா, நாடி பாக்கறியா?"

ஜெபீனா விரலை எடுக்காமல் கண்ணால் நீல டிஸ்கைக் காட்டினாள்.

சாலம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள், நடந்து நடந்து குதிகால் வெடித்த கால்கள். "அந்த இருசப்பன் சொன்னான், பொட்டி செத்துப்பூடுச்சின்னு. அதுக்குத்தான வந்த? சரியாப் பூடும் இல்ல?"

"அக்கா, இது முழுசா வந்துட்டாலும் இருவத்திமூணு நாளு முன்னாடி வரைக்கும்தான் வரும்."

"அதுக்கப்புறம்?"

"வராது."

சாலம்மாள் விரல்விட்டு எண்ணவில்லை. அதற்கப்புறம் குத்திய ஊர் இரண்டுதான், அவளுக்கு எண்ணவேண்டியதில்லை. "புளியங்கொட்டாயி. நெல்லிக்காடு," என்றாள்.

"ஆமாக்கா. எரநூத்தி நாலு பேரு."

"சீட்டு?"

"வெளுத்துப்போச்சி. நேத்து எடுத்துப் பாத்தேன், வெறும் வெள்ளக் காயிதம்."

மழை கொஞ்சம் வலுத்தது. மரத்த விரல்களில் பிடி தளர்ந்து, விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. சாலம்மாள் எழுந்து வந்தாள். ஜெபீனாவின் விரலுக்கு மேல் தன் விரலை வைத்து, அவள் மெல்ல உருவிக்கொள்ளும்வரை பொறுத்து, ஒயரைத் தானே பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஜெபீனாவின் முகத்தை மட்டும் பார்க்கவேயில்லை.

"அக்கா, எதனா திட்டுங்க."

"திட்டுனா ரத்தம் வருமா?"

எண்பது. தொண்ணூறு. நூறு. டேட்டாபேஸ் திறந்தது. ஜெபீனா ஒரு பெயரைத் தட்டினாள், விவரம் லேப்டாப்பிலிருந்து வந்தது, போட்டோ நீல டிஸ்கிலிருந்து வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மூவாயிரத்து எழுநூற்று எட்டு பேர் வந்துவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் எழுந்து குதித்திருப்பாள். கடைசி வரியின் தேதியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஊர்முனைப் பாறையில் ஏறினால் டவர் கிடைக்கும். சாலம்மாளோடு அங்கே ஏறி நின்று, ஜெபீனா தங்கதுரைக்குப் பேசினாள். மூவாயிரத்து எழுநூறைக் கேட்டதும் அவர் குரலில் உயிர் வந்தது.

"அப்புறம் இன்னாம்மா? எரநூறு பேருதான? மறு பரிசோதனைன்னு சொல்லிக் குத்திட்டு வாங்க. ஒரு சந்தேகம் இருக்குது, இன்னொருக்கா பாக்கணும்னு சொன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. சாலம்மாள் குனிந்து போனுக்குள் பேசினாள்.

"சந்தேகம்னு சொன்னா தனக்கு நோவு இருக்குதுன்னு நெனச்சிக்கினு அழுவும்ங்க சார். எரநூறு வூட்டுலயும் எழவு மாதிரி ஆயிடும். அந்தப் பொய்யி எங்கிட்டருந்து வராது."

"அப்ப இன்னாதான் சொல்றது?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்ற பேச்சு எனக்குப் போன மாசத்தோட முடிஞ்சிபூடுச்சி," என்று சாலம்மாள் பாறையிலிருந்து இறங்கினாள்.

"நான் சொல்றேன் சார்," என்றாள் ஜெபீனா. "நடந்தத சொல்றேன்."

மறுபக்கம் தங்கதுரை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், டவர் போய்விட்டது.

ஊருக்குத் திரும்பி அத்தனையையும் இரண்டு முழுப் பிரதியாக எடுத்து, ஒன்றை ஆபீசிலும் ஒன்றை அத்தாவின் கடையிலும் வைத்துவிட்டு, சனிக்கிழமை அவள் மறுபடி மலையேறினாள். புளியங்கொட்டாய்க்கு வேன் போகாது. ஓடைவரைக்கும் போய் இறங்கி, மரவள்ளிக் காட்டு வழியே நடந்தார்கள். சாலம்மாள் முன்னால், மெஷின் பெட்டியோடு. ஜெபீனா பின்னால். வழியெல்லாம் என்ன சொல்வது என்று அவள் மனசுக்குள் அடித்து அடித்து அழித்துக்கொண்டே வந்தாள்.

குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த காசியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அந்த ஊரில் அவள் பேசிய பிறகுதான் மற்றவர்கள் பேசுவார்கள்.

"இன்னா சாலம்மா, மறுக்காவும் பொட்டியத் தூக்கிக்கினு வந்துட்ட?"

சாலம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். முப்பது, நாற்பது பேர்.

"அம்மா," என்று ஆரம்பித்தாள் ஜெபீனா. "போன மாசம் உங்க எல்லார் கையிலயும் குத்தி ரத்தம் பாத்தாங்க. அத எழுதி வெக்கிற வேல என்னோடது. கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சேன். அது கெட்டுப்போச்சி. கெட்டுப்போவும்னு தெரிஞ்சி இன்னொரு எடத்துலயும் எழுதி வெச்சிருக்கணும். வெக்கல. இந்த ஊரும் நெல்லிக்காடும் மட்டும் அழிஞ்சிபோச்சி. சாலம்மாக்கா மேல தப்பு இல்ல. தப்பு என்னுது."

முறம் நின்றது.

"உன் பொட்டி மறந்துபோச்சின்னா, குத்துறது எங்க வெரலையா?" என்றாள் காசியம்மாள்.

பின்னாலிருந்து ஒருவன், "அவங்க வெரல குத்திப் பாருங்க, மொதல்ல மெஷின் வேல செய்யுதான்னு," என்றான். சிரிப்பு எழுந்தது. ஜெபீனா அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அப்ப சாலம்மா, நீ ஒரு தடவதான்னு சொன்னது பொய்யி," என்று காசியம்மாள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"பொய்யாப் பூடுச்சிக்கா," என்றாள் சாலம்மாள்.

கூட்டத்தில் ஐந்தாறு பேர் திரும்பி நடந்தார்கள். ஒரு கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப்பக்கம் போனார். ஜெபீனா அவரையே பார்த்தாள்.

காசியம்மாள் மட்டும் விடவில்லை. "இந்தா பொண்ணே. இந்தத் தடவ உன் பொட்டி கெட்டுப்போவாதுன்னு சொல்லுவியா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"சொல்ல மாட்டேம்மா. எந்தப் பொட்டியும் என்னைக்காவது ஒரு நாளு கெடும்."

"அப்ப எங்களுத எங்க கையில எழுதிக் குடுத்துட்டுப் போ. உங்கிட்ட இருக்கிறது இருக்கட்டும். எங்க வூட்டுலயும் ஒண்ணு இருக்கட்டும். நீ மறந்தா நாங்க வந்து உனக்குச் சொல்றோம்."

அட்டை அடிக்கும்வரை யாருக்கும் முடிவைக் கையில் கொடுக்கக்கூடாது என்பது ஆபீஸ் விதி. தங்கதுரை அதை எழுதிச் சுவரிலேயே ஒட்டியிருந்தார். ஜெபீனா சாலம்மாளைப் பார்த்தாள். சாலம்மாள் ஏற்கெனவே பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு முப்பத்தெட்டு பேர் கை நீட்டினார்கள். முதல் கை காசியம்மாளுடையது. குத்தும்போது ஊசியைப் பார்க்காமல் ஜெபீனாவையே முறைத்தாள். ஜெபீனா நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கிழித்து, பெயர், தேதி, முடிவு, கீழே தன் கையெழுத்து என்று பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிக் கொடுத்தாள். இரண்டு பேருக்குக் குறையைச் சுமக்கிற ரத்தம் என்று வந்தது. அவர்களைச் சாலம்மாள் தனியாகக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசிவிட்டு, தாளை மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்தாள். வாங்கிய ஒரு பெண் அதைப் பிரித்துப் பார்த்து, படிக்கத் தெரியாமல், பக்கத்தில் இருந்தவளிடம் காட்டாமல், ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

தங்கதுரை கோபப்பட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சுவரில் ஒட்டிய தாளை அவரே கிழித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பத்தரைக்கே பேக்கப் ஓடட்டும், அந்த நேரத்தில் நான் டீக்கடைக்குப் போய்விடுகிறேன் என்றார்.

ஜெபீனா விடாமல் போனாள். நாலு சனிக்கிழமை. புளியங்கொட்டாய்க்கு இரண்டு, நெல்லிக்காட்டுக்கு இரண்டு. ஒவ்வொரு தடவையும் அதே பேச்சை முதலிலிருந்து பேசினாள். எத்தனை தடவை பேசினாலும் 'தப்பு என்னுது' என்பதை விட்டுவிடவில்லை. சில வீடுகளில் மோர் கொடுத்தார்கள், சில வீடுகளில் அவள் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் நூற்றி எழுபத்தொரு பேர் ஆனார்கள்.

மிச்சம் முப்பத்து மூன்று. அவர்கள் பெயரும் அழிந்துபோயிருந்தது. சாலம்மாள் கரியாலூர் முன்னறையில் உட்கார்ந்து, வீடு வீடாக நினைவில் நடந்து, ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஜெபீனா லேப்டாப்பில் ஏற்றினாள். பெயர், ஊர், வயது சுமாராக. முடிவு என்ற கட்டம் மட்டும் வெறுமையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக முப்பத்து மூன்று.

"அடுத்த சனிக்கிழம வரேன்க்கா," என்றாள் ஜெபீனா. "அந்தத் துண்டுக்காரத் தாத்தா வூட்டுக்கு மொதல்ல போலாம். கால்ல வுழுந்தாவது கேக்கறேன். ரெண்டு நிமிஷ வேல."

சாலம்மாள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று மழை விட்டதா என்று கையை நீட்டிப் பார்த்தாள்.

"வேணாம் பாப்பா. அவங்கள வுட்டுடு."

"அக்கா, கட்டம் காலியா இருக்குதே."

"இருக்கட்டும். அவங்க குடுக்காம இல்லியே, ஒரு தடவ குடுத்துட்டாங்க," என்று சொல்லிவிட்டு, சாலம்மாள் இறங்கி நடந்தாள்.